யூனிட்டுக்குப் பின்னாடி ஒரு ஒண்ணு

அந்தச் சேர்ல உக்காராதீங்க, கால் ஆடுது. இப்படி வாங்க, இங்க ஃபேன் காத்தும் வரும். நானு காலைல இருந்து இருக்கற சேர் எல்லாத்துலயும் உக்காந்து பாத்துட்டேன்.

ரத்தம் குடுக்கத்தானுங்க வந்துருக்கீங்க? மச்சானுக்கு ஆபரேசனுங்களா. ஒண்ணும் ஆவாது, தைரியமா இருங்க. நானு யாருக்காகவும் வரலீங்க. சும்மா வந்தேன். சும்மா எவனாவது ரத்தம் குடுக்க வருவானான்னு உங்க மூஞ்சில தெரியுது. வருவாங்க. செவுத்துல எழுதிப் போட்டுருக்காங்க பாருங்க, தாமாக முன்வந்துன்னு. அந்த ஆளு நாந்தான். முன்வந்துட்டேன், ஆனா உள்ள போகல. எனக்குப் பின்னாடி வந்தவங்களையெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு அனுப்பி விட்டுக்கிட்டு இருக்கேன். அந்த சிஸ்டர் என்னை ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

ஊசின்னா பயமுங்க. பயம் வந்தா நான் பேசிக்கிட்டே இருப்பேன். தொந்தரவா இருந்தா சொல்லீருங்க. சொன்னாலும் நிறுத்த மாட்டேன், கொஞ்சம் மெதுவாப் பேசுவேன்.

பேரு திருமூர்த்தி. உடுமலைப் பக்கம். இப்ப சரவணம்பட்டில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை. என்ன வேலைன்னு மட்டும் கேட்டுராதீங்க. கேட்டுட்டீங்களா? சரி. என்ற மாமனார் கல்யாணம் ஆனதுல இருந்து அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு. நானும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்றேன். கடைசில மனுசன் சலிச்சுப்போயி, யார் கேட்டாலும் "மாப்பிள்ளை கம்ப்யூட்டர் ரிப்பேரு"ன்னு சொல்லீடறாரு. அதுல இருந்து ஊருக்குப் போனா எவனாவது ஒருத்தன் பிரிண்டரத் தூக்கிட்டு வந்துடறான். ஒருக்கா சித்தப்பா ஒருத்தர் மிக்சியத் தூக்கிட்டு வந்துட்டாரு. அதையும் கழட்டிப் பாத்தேனுங்க. திருப்பி மாட்டத்தான் தெரியல.

வேலை என்னன்னா, இந்த ஆஸ்பத்திரியவே எடுத்துக்குங்க. ரத்த வங்கிக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் இருக்குது. வார்டுகளுக்குன்னு வேற ஒண்ணு. ரெண்டும் வேற வேற கம்பெனி செஞ்சது. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது. அதனால ஒவ்வொண்ணும் ஒரு ஃபைல் எழுதி வெச்சுருக்கும். நான் இன்னின்ன சங்கதிதான் பேசுவேன், அதுக்கு இன்னின்ன பேருன்னு. எங்க டூல் அந்த ஃபைலப் படிச்சு, ரெண்டையும் பேச வெக்கிற புரோகிராமத் தானாவே எழுதிரும். ஆமாங்க, நாங்க எழுதற புரோகிராமோட வேலை இன்னொரு புரோகிராம் எழுதறது. எங்க ஓனர் கோவர்த்தன் சாரு இத அமெரிக்காக்காரங்ககிட்ட சொல்றப்ப எந்திரிச்சு நின்னு சொல்லுவாரு.

அதுல என்ற பங்கு பேரு வெக்கிறது. ஃபைல்ல ஒரு பேரு இருக்கும், நடுவுல புள்ளி இருக்கும், கோடு இருக்கும். புரோகிராம்ல அந்தப் பேரு ஆகாது. அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி வெக்கோணும். அத்தனை வருசம் படிச்சுட்டு நாள் பூரா பேரு வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். ஆபீஸ்ல யாருக்காவது கொழந்தை பொறந்தா எங்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. நான் சொன்ன பேரு ஒண்ணக்கூட இதுவரைக்கும் எவனும் வெச்சதில்ல.

இப்ப ஒரே பேருல ரெண்டு சங்கதி வந்தா என்ன பண்றது? அங்கதான் வந்துதுங்க வெனை.

ரத்த வங்கி ஃபைல்ல "யூனிட்"னு ஒண்ணு இருக்குது. அங்க யூனிட்டுன்னா ஒரு பை ரத்தம். வார்டு ஃபைல்லயும் "யூனிட்"னு ஒண்ணு. அங்க யூனிட்டுன்னா ஆஸ்பத்திரில ஒரு பிரிவு. பிரசவப் பிரிவு, எலும்புப் பிரிவுங்கற மாதிரி. ரெண்டும் யூனிட்டு. எங்க டூல் என்ன பண்ணுமுன்னா, மொதல்ல படிச்சதுக்கு யூனிட்டுன்னே வெச்சுரும். அடுத்து வர்றதுக்குப் பின்னாடி ஒரு ஒண்ணு போட்டு, யூனிட் ஒண்ணுன்னு வெச்சுரும். அந்த விதிய எழுதுனவரு எனக்கு முன்னாடி இருந்தவரு. கனடா போயிட்டாரு. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரத்த வங்கி ஃபைல்தான் எப்பவும் மொதல்ல. அதனால யூனிட்டுன்னா பை, யூனிட் ஒண்ணுன்னா வார்டு. ஆஸ்பத்திரிக்காரங்களும் அத நம்பி மத்ததையெல்லாம் கட்டி வெச்சுட்டாங்க.

இந்த ஆடில நான் ஒரு காரியம் பண்ணுனேன். டூல் மெதுவா ஓடுதுன்னு ஒரு கஸ்டமர் குறை சொன்னாரு. நான் என்ற மூளையப் போட்டு, ஃபைல்கள ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணாப் படிக்காம எல்லாத்தையும் ஒரே சமயத்துல படிக்கிற மாதிரி மாத்துனேன். பறந்துச்சுங்க! முன்னெல்லாம் டூல ஓட விட்டுட்டுப் போயி டீ குடிச்சுட்டு வருவோம். இப்ப எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சுருது. ஆபீஸ்ல பாதிப் பேருக்கு என்மேல கோவம், டீக்குப் போக முடியலைன்னு. நான் அந்த வாரம் பூரா நெஞ்ச நிமுத்திக்கிட்டே நடந்தேன். கழுத்து சுளுக்கிக்கிச்சு.

எங்க டெஸ்டர் ஒரு புள்ளைங்க. நஸ்ரின்னு பேரு. கரும்புக்கடைல இருந்து ஸ்கூட்டில வருவா. நாங்க எழுதறத ஓட்டிப் பாத்துத் தப்பு கண்டுபிடிக்கிறது அவ வேலை. சத்தமே போடாது அந்தப் புள்ள. தப்பு இருந்தா பக்கத்துல வந்து நிக்கும், அவ்வளவுதான்.

ஆவணில ஒரு நாள் வந்து நின்னா. "சார், ஒரே ஃபைலக் குடுத்து ரெண்டு தடவ ஓட்டுனேன். ரெண்டு தடவையும் வேற வேற மாதிரி வருது."

"என்னம்மா வேற மாதிரி?"

"ஒரு தடவ யூனிட்டுன்னா பை. இன்னொரு தடவ யூனிட்டுன்னா வார்டு."

நானு என்ற மெஷின்ல ஓட்டிக் காட்டுனேன். பை. இன்னொருக்கா ஓட்டுனேன். பை. "பாத்தியா? என்ற மெஷின்ல நல்லாத்தான் ஓடுது. உன் மெஷின் சூடாயிருக்கும், கொஞ்சம் ஆற வெச்சு ஓட்டு"ன்னேன். சிரிக்காதீங்க. இத்தனை வருசம் இந்தத் தொழில்ல இருக்கற ஆளு, மெஷின ஆற வெச்சு ஓட்டுன்னு சொன்னேன். சாம்பாரு பாருங்க, ஆற வெக்கறதுக்கு.

அவ ஆபீஸ் புகார்ப் பட்டியல்ல எழுத்துல குடுத்தா. நான் "இங்கு இந்தத் தப்பு வரவில்லை"ன்னு போட்டு அந்தப் புகார மூடுனேன். மறுபடியும் தொறந்தா. மறுபடியும் மூடுனேன். கொஞ்ச நாளு நாங்க ரெண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு மாத்தி மாத்தித் தொறந்து மூடற மாதிரி ஆயிருச்சு. கோவர்த்தன் சாரு வந்து, "என்ன திருமூர்த்தி, என்ன சமாச்சாரம்?"னாரு. "ஒண்ணுமில்ல சார், சின்னப் புள்ளைங்க ஆர்வம்"னேன். அத்தோட அது மூடுனதாவே நின்னுபோச்சு.

அப்புறம் ஐப்பசி. நல்ல மழைங்க, ஞாபகமிருக்குதுங்களா, அவினாசி ரோட்டுல பாலத்துக்குக் கீழ பஸ்ஸு நின்னுபோச்சே, அந்த வாரம். இந்த ஆஸ்பத்திரில இருந்து போன் வருது. ரத்த வங்கில எஸ்தரக்கான்னு ஒருத்தர் இருக்காங்க, இப்ப உள்ளதான் இருக்காங்க, கொஞ்ச முன்னாடிகூட எட்டிப் பாத்தாங்களே, கண்ணாடி போட்டவங்க. அவங்கதான். "உங்க கம்ப்யூட்டர் பைத்தியம் புடிச்ச மாதிரிப் பேசுது, யாராவது வந்து பாருங்க"ன்னாங்க.

கோவர்த்தன் சாரு என்னையும் அந்தப் புள்ளையையும் அனுப்புனாரு. கார்ல வர்றப்ப நான் வழி பூரா அவளுக்கு வகுப்பு எடுத்துட்டு வந்தேன். கஸ்டமர் முன்னாடி பதறக் கூடாது, தப்பு நம்மளுதுன்னு மொதல்லயே ஒத்துக்கக் கூடாது, முக்காவாசி தப்பு அவங்களுதாத்தான் இருக்கும்னு. "சரி சார், சரி சார்"னு கேட்டுக்கிட்டே வந்தா.

இங்க வந்து பாத்தா, எஸ்தரக்கா ஸ்கிரீனத் திருப்பிக் காட்டறாங்க. பை நம்பர் வர வேண்டிய எடத்துல பிரசவ வார்டுன்னு இருக்குது. வார்டு வர வேண்டிய எடத்துல பை நம்பர் இருக்குது.

"பாருங்க தம்பி. வார்டக் கொண்டு போயி ரத்தப் பைக்கு ஏத்தச் சொல்லுது இது"ன்னாங்க.

என்ன ஆச்சுன்னா, பிரசவ வார்டுல ஒரு அம்மாவுக்குக் கொழந்தை பொறந்ததுக்கு அப்புறம் ரத்தப் போக்கு நிக்கல. வார்டுல இருந்து ரத்தம் கேட்டுக் கம்ப்யூட்டர்ல அனுப்பிருக்காங்க. இங்க வந்தது தலையும் புரியாம வாலும் புரியாம வந்துருக்குது. ஒரு பையும் ஒதுக்காம அது பாட்டுக்கு "காத்திருக்கவும்"னு நின்னுருக்குது. வார்டுல காத்திருக்காங்க. இங்க இவங்களுக்கு ஆளு காத்திருக்கறதே தெரியாது. அப்புறம் வார்டு நர்ஸு பொறுக்க மாட்டாம ஓடியே வந்துட்டாங்க. எஸ்தரக்கா கம்ப்யூட்டர ஓரங்கட்டிட்டு, துண்டுச் சீட்டுல எழுதி, பரிசோதிச்சு, பையக் குடுத்து அனுப்பிருக்காங்க. தப்பான ரத்தம் யாருக்கும் ஏறலீங்க. அதுக்கு இவங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே இன்னொருக்கா சரிபாப்பாங்க. ஆனா நேரம் போச்சுல்ல. அந்த அம்மா உசுரக் கையில புடிச்சுக்கிட்டு இருந்த நேரம்.

நானு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு நிக்கறேன். அந்தப் புள்ள என்னைப் பாக்குது.

"நீங்க உங்க ஃபைல்ல ஏதாவது மாத்துனீங்களா?"ன்னு எஸ்தரக்காகிட்ட கேட்டேன், குரல கொஞ்சம் ஒசத்தி. கார்ல வர்றப்ப எடுத்த வகுப்பு ஞாபகம் இருந்துச்சு.

"பிளாஸ்மா, தட்டணு அப்படின்னு ரத்தத்துலயே புதுசா நாலஞ்சு வகை சேத்து, உங்க டூல மறுபடி ஓட்டுனாங்க. ஏன், சேக்கக் கூடாதுங்களா?"

சேக்கலாம். சேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல.

அப்ப வந்தாருங்க அந்த மனுசன். அந்த அம்மாவோட வீட்டுக்காரரு. ரங்கன்னு பேரு, காரமடைப் பக்கம், வாழைத்தார் லாரி ஓட்டறவரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்குது. என்ற கழுத்துல கம்பெனி அட்டை தொங்குனதப் பாத்து, கையப் புடிச்சுக்கிட்டாரு.

"டாக்டருங்களா?"

"இல்லீங்க. நானு கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டர அப்புறம் பாத்துக்கலாமுங்க. உங்க ரத்தம் என்ன குரூப்பு?"

நானும் வாய் இருக்குதேன்னு, "பி பாசிட்டிவ்"னுட்டேன்.

"சாமி, அதேதானுங்க! எடுத்ததுக்குப் பதிலு ரத்தம் வேணுமின்னு சொல்லீருக்காங்க. இந்த மழைல எங்க ஊருல இருந்து ஆளுக வந்து சேரல. நீங்க குடுங்க சாமி."

பின்னாடி அந்தப் புள்ள நிக்குது. எஸ்தரக்கா நிக்கறாங்க. எனக்கு ஊசின்னா பயம்னு எப்படிங்க சொல்றது? "அதுக்கென்ன, தாராளமா"ன்னுட்டு, சட்டைக் கைய மடக்கிக்கிட்டுப் போயிப் படுத்தேன். ரொம்ப ஸ்டைலாப் படுத்தேனுங்க. அந்த சிஸ்டரு பஞ்சுல மருந்து நனைச்சு, கையில ஜில்லுன்னு தடவுனாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஊசி போட்டு மயங்கறவங்க இருக்காங்க. பஞ்சுக்கே மயங்குனது இந்த ஆஸ்பத்திரி வரலாத்துல நாந்தானாம். எஸ்தரக்கா சொன்னாங்க.

கண்ணு முழிச்சா, கால ரெண்டு தலைகாணிக்கு மேல தூக்கி வெச்சுருக்காங்க. ரங்கன் என்ற பாதத்தத் தேச்சு விட்டுக்கிட்டு இருக்காரு. பொண்டாட்டி அங்க அந்த நெலமைல, இவரு இங்க என்ற காலத் தேச்சுக்கிட்டு. "எந்திரிக்காதீங்க சாமி, நீங்க குடுத்த மாதிரிதான்"ங்கறாரு. ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலீங்க நானு.

திரைக்கு அந்தப் பக்கம் அந்தப் புள்ள என்ற லேப்டாப்ப ஸ்டூல் மேல வெச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. "சார், பாஸ்வேர்டு வேணும்"னா. இங்க இருந்து அங்க மெதுவாச் சொன்னாக் கேக்காது. கத்தோணும். என்ற பாஸ்வேர்டு என்ன தெரியுங்களா? கிங் திருமூர்த்தி. கத்துனேன். படுத்துக்கிட்டு, கால மேல தூக்கி வெச்சுக்கிட்டு, கிங் திருமூர்த்தின்னு ரெண்டு தடவ கத்துனேன், மொதல் தடவ அவளுக்குக் கேக்கலைன்னு. அங்க ரத்தம் குடுத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் திரும்பி ராஜாவப் பாத்தாங்க.

கொஞ்ச நேரத்துல அவளே லேப்டாப்பத் தூக்கிட்டு என்ற கட்டிலுக்குப் பக்கத்துல வந்தா.

"சார், பாருங்க. ஒரே ஃபைல்தான். இப்ப ஓட்டறேன், யூனிட்டுன்னா பை. இப்ப இன்னொரு தடவ. யூனிட்டுன்னா வார்டு. எது மொதல்ல படிச்சு முடிக்குதோ அது பேரத் தூக்கிக்குது. ரத்த வங்கி ஃபைலு முன்ன சின்னது, அதனால அனேகமா அதுதான் ஜெயிச்சுது. இப்ப பிளாஸ்மாவெல்லாம் சேத்துப் பெருசாயிருச்சு."

படுத்துக்கிட்டே பாத்ததால எனக்கு எல்லாம் தலைகீழாத் தெரிஞ்சுது. ஆனா அப்பத்தான் எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சுதுங்க. "அட, நான் எல்லாத்தையும் ஒரே சமயத்துல படிக்க வெச்சேன்ல!"

"ஆமா சார். ஆவணில நான் எழுதிக் குடுத்தது இதத்தான்."

"அப்ப நான் இந்த ஆங்கிள்ல பாக்கலம்மா"ன்னேன்.

இதுல கொடுமை என்னன்னா, ரெண்டு யூனிட்டுக்கும் உள்ள இருக்கற சமாச்சாரம் ஒரே மாதிரி. அதுலயும் ஒரு நம்பரு, ஒரு பேரு. இதுலயும் ஒரு நம்பரு, ஒரு பேரு. அதனால ஆளு மாறுனது கம்ப்யூட்டருக்கே தெரியல. எந்த எடத்துலயும் தப்புன்னு கத்தல. அது பாட்டுக்கு ஓடுச்சு.

"இப்ப என்ன பண்றது? திரும்ப வரிசையாப் படிக்க வெச்சுரலாமா?"ன்னேன்.

"வரிசை வேண்டாம் சார். நாளைக்கு யாராவது வரிசைய மாத்துவாங்க. பின்னாடி ஒண்ணு போடறதுதான் சார் தப்பு. எங்க தெருவுல மூணு ஃபாத்திமா இருக்காங்க. யாரும் ஃபாத்திமா ஒண்ணு, ஃபாத்திமா ரெண்டுன்னு கூப்பிடறதில்ல. மாடி வீட்டு ஃபாத்திமா, டெய்லர் ஃபாத்திமா, இன்னொருத்தங்க டீச்சர். யார் முன்னாடி வந்தாலும் பின்னாடி வந்தாலும் டெய்லர் டெய்லர்தான். அந்த மாதிரி, எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சோ அந்தப் பேர முன்னாடி சேத்துட்டா? ரத்தவங்கி யூனிட், வார்டு யூனிட்."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்"னேன்.

அப்புறம் என்ன, வேலைய ஆரம்பிச்சோம். அவ தட்டச்சு பண்ணுனா, நான் படுத்துக்கிட்டு "சரி, சரி"ன்னேன். சரின்னு சொல்றதும் ஒரு வேலைதானுங்க. தப்பா எழுதுனா தப்புன்னு சொல்லோணும்ல? அவ தப்பா எழுதல, அது வேற விசயம். சாயங்காலத்துக்குள்ள புதுசா ஓட்டி, எஸ்தரக்கா ஒவ்வொண்ணா வெச்சுப் பாத்தாங்க. பை பையா வந்துச்சு, வார்டு வார்டா வந்துச்சு. ரங்கன் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்தாரு. எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலா, மயங்குன ஆளுன்னு. அவரு சம்சாரத்துக்கு ரத்தப் போக்கு நின்னுருச்சுன்னு அப்பத்தான் சேதி வந்துச்சு. மனுசன் டீத் தட்டக் கீழ வெச்சுட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு அழுதாரு. நானு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளதான் போயி அவரு பக்கத்துல நின்னுச்சு. சொன்னேனே, அதுக்கு நிக்கத் தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் ராவுபகலா ஒழைச்சேனுங்க, அதையும் சொல்லோணும். பழைய கஸ்டமருங்க எல்லாம் பழைய பேர நம்பி இருக்காங்க. திடீர்னு மாத்துனா அவங்க புரோகிராமெல்லாம் ஒடையும். அதனால, பேரு மோதாத எடத்துல பழைய பேரே இருக்கட்டும், மோதுற எடத்துல மட்டும் புதுசு, வேணும்னா பழைய மாதிரியும் வெச்சுக்கலாம்னு ஒரு ஏற்பாடு பண்ணுனேன். அது முழுக்க முழுக்க என்ற வேலை. யாரும் அதப் பத்திப் பேசறதில்ல.

ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு சின்ன நிகழ்ச்சி வெச்சு, சால்வை போத்தி, ஒரு பழத்தட்டுக் குடுத்தாங்க. எனக்குத்தான். போட்டோல பாத்தா கழுத்து தெரியாது, சால்வைக்குள்ள போயிருச்சு. ஆனா நல்ல போட்டோ. அந்தப் புள்ளதான் எடுத்தா. அதுக்கெல்லாம் நல்ல கை அவளுக்கு.

வீட்டுல கொண்டு போயிக் காட்டுனேன். என்ற சம்சாரம் சுகந்தி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. போட்டோவப் பாத்துட்டு, "நஸ்ரின் எங்க?"ன்னா. ஆஸ்பத்திரில நடந்ததெல்லாம் அன்னைக்கே சொல்லீருந்தேன்ல. "அவதான் எடுத்தா"ன்னேன். "ம்ம்"னா. அவ்வளவுதான், துணிய எடுத்துட்டு உள்ள போயிட்டா. அந்த ம்ம்முக்கு என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவளோட எல்லா ம்ம்மும் எனக்குத் தெரியும். இது புதுசு.

புது டூல வெளியிடறப்ப ஒரு குறிப்புப் போடுவோம். என்ன தப்பு, என்ன சரி பண்ணிருக்கோம், யாரு பண்ணாங்கன்னு. கஸ்டமருங்க, வேற கம்பெனிக்காரங்க எல்லாம் பாப்பாங்க. கோவர்த்தன் சாரு, "யாரு பேரப் போடறது?"ன்னாரு. நான், "டீமுன்னு போடுங்க சார்"னேன். தன்னடக்கமாத்தான் சொன்னேன். "டீமுன்னா நீங்கதானே"ன்னு அவரே என்ற பேரப் போட்டுட்டாரு. ஓனர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்லீங்க. மத்த விசயத்துல பேசுவேன். ஏசி ஜில்லுன்னு இருக்குதுன்னு போன வாரம்கூடச் சண்டை போட்டேன்.

ரெண்டு மூணு நாள் கழிச்சு அந்தப் புள்ள பக்கத்துல வந்து நின்னா.

"சார், அந்தக் குறிப்புல என் பேரும் சேக்க முடியுமா? வீட்டுல அம்மாகிட்டக் காட்டலாம்னு."

நான் அவளுக்குப் பொறுமையா வெளக்கிச் சொன்னேன். ஒருக்கா பேரு வெச்சு வெளிய போயிருச்சுன்னா மாத்தக் கூடாதும்மா. அத நம்பி எத்தனையோ பேரு இருப்பாங்க. ஒண்ண மாத்துனா பின்னாடி எல்லாம் ஒடையும். இத்தனை நாளா இதத்தானே பாத்துக்கிட்டு இருக்கோம், நீயே டெஸ்டரு, உனக்குத் தெரியாதான்னேன்.

"சரி சார்"னா. கோவமெல்லாம் இல்ல. சிரிச்ச மாதிரிதான் போனா.

அடுத்த மாசம் வேலைய விட்டு நிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டா. ஏன்னு புரியலீங்க. சம்பளம் கூட எங்கயாவது கெடச்சுருக்கும். இல்லைன்னா தூரம். கரும்புக்கடைல இருந்து சரவணம்பட்டின்னா தெனமும் அந்த ட்ராஃபிக்குல ஸ்கூட்டி ஓட்டோணுமே. நானே கேட்டேன், "ஏதாவது மனசுல வெச்சுக்கிட்டுப் போறியாம்மா?"ன்னு. "ஒண்ணுமில்ல சார்"னா. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லதானுங்க? நான் அதுக்கு மேல எப்படிக் கேக்கறது?

இன்னைக்குத்தான் அவளுக்குக் கடைசி நாளு. நாலு மணிக்கு ஆபீஸ்ல கேக் வெட்டறாங்க. சீனியருங்கறதால என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாரு கோவர்த்தன் சாரு. பேசறதுக்கு எனக்கு என்ன பயமா? கல்யாண வீட்டுல மைக்கப் புடிச்சா விட மாட்டேன். ஆனா காலைல எந்திரிச்சதும் திடீர்னு தோணுச்சு, ரத்தம் குடுக்கோணுமுன்னு. இது ஒரு நல்ல காரியம் பாருங்க. நல்ல காரியம் தோணுறப்பவே பண்ணீறோணும். லீவு போட்டுட்டு வந்துட்டேன். எஸ்தரக்கா பாத்துட்டு, "அட, பஞ்சு தம்பி!"ன்னாங்க. இங்க அதுதான் என்ற பேரு.

என்னங்க கேட்டீங்க?

அந்தக் குறிப்ப இப்ப மாத்த முடியாதான்னா?

குறிப்பா? அது வெறும் எழுத்துதானுங்க. எங்க வெப்சைட்டுல ஒரு பக்கம். அத நம்பி எந்தப் புரோகிராமும் ஓடல. தொறந்து, ஒரு பேரத் தட்டி, மூடுனா...

இல்ல, நான் அவகிட்டச் சொன்னது புரோகிராம்ல இருக்கற பேரப் பத்தி. குறிப்பு வேற, புரோகிராமு வேற. அவ கேட்டது குறிப்ப. நான் சொன்னது... ரெண்டுக்கும் பேருன்னு ஒரே வார்த்தை வந்ததால கொஞ்சம்...

அவளுக்குத் தெரிஞ்சுருக்குமுங்களா, குறிப்ப மாத்துனா ஒண்ணும் ஒடையாதுன்னு? டெஸ்டருங்க அவ. தெரியாமயா இருக்கும். தெரிஞ்சேதான் சரி சார்னுட்டுப் போயிருக்கா.

கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா? தேங்க்ஸுங்க.

ம். கேக்குக்குப் போகலையான்னா கேக்கறீங்க? சுகந்தியும் இதையேதான் கேட்டா, இன்னைக்குக் காலைல. ரத்தம் குடுக்கப் போறேன்னேன். மறுபடியும் அதே ம்ம்.

சிஸ்டர் கூப்பிடறாங்க. என்னையா? உங்களையா? என்னையத்தான். சரி, வர்றேனுங்க சிஸ்டர். ஒரு சந்தேகம், ரத்தம் குடுத்துட்டு எவ்வளவு நேரத்துல பைக் ஓட்டலாம்? மயங்காம இருந்தான்னுங்களா? சரி, மயங்காம இருந்தா. அரை மணி நேரமா? இங்க இருந்து கணபதி சிக்னல் தாண்டி, சத்தி ரோட்டுல போயி... ஆபீஸ் லேப்டாப் வண்டிலதான் இருக்குது... கேக் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிசம் இருந்தாப் போதும்... ஒரு பேரத் தட்ட அவ்வளவு நேரம் எடுக்குமுங்களா?

ஏனுங்க, இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்குங்க, இதோ வந்தர்றேன். அப்படிப் பாக்காதீங்க. நானு கேக்குக்காகக் கேக்கலீங்க.